இருவர் எழுத ஓர் உலகு

கதை எழுதுதல் தனியொருவர் தொழில் என்பதே பொதுவான எண்ணம். எழுத்தாளர் ஒருவர் அமர்ந்து எண்ணி, மாந்தரைப் படைத்து, அவரை ஆட்டுவித்து, முடிவையும் தாமே வகுக்கிறார். இதனின் வேறான முறை ஒன்றும் உண்டு. ஒருவர் எழுதி நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்குவார். அவர் நிறுத்திய இடத்தில் முன்னவர் மீண்டும் தொடங்குவார். இங்ஙனம் சிலர் கூடி முறைவைத்து எழுதுவதால் ஒரு கற்பனை உலகு எழுகிறது. ஒவ்வொருவரும் அவ்வுலகில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். அப்பாத்திரத்தின் சொல், செயல், எண்ணம் மூன்றும் அவருடைய எழுத்துக்கே உரியவை. பிறருடைய பாத்திரத்தை அவர் தொடமாட்டார்.

பாத்திரமேற்று எழுதும் இவ்விளையாட்டு ஒரு காலத்தில் குறிப்பேட்டிலும் அஞ்சலிலும் நடந்தது; இன்று கணினியிலும் கைப்பேசியிலும் நடக்கிறது. மந்திரவாதியரும் பறவை நாகங்களும் உலவும் மாய நாடுகளே பெரும்பாலும் இதன் களம். இதில் புதிதாகப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது யாது? கற்பனை வளமா? நடையழகா? இரண்டும் நல்லனவே. எனினும் இரண்டினும் முதன்மையானது ஒன்றுண்டு. அது, அடுத்தவருக்கு இடம் விடும் பண்பு.

கூற்றும் கூறுவாரும்

இவ்விளையாட்டின் அடிப்படை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் புலவர் தாமாக முன்வந்து பேசுவதில்லை. தலைவியோ, தோழியோ, செவிலியோ கூறுவதாகவே பாட்டு அமைகிறது. யார் கூற்று, யாரிடம் கூறியது, எந்நிலையில் கூறியது என்பவற்றை அறிந்தாலன்றிப் பொருள் விளங்காது. எவர் எவர் எவ்விடத்துக் கூறுதற்கு உரியர் என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்துரைக்கிறது. பாத்திரமேற்று எழுதுதலும் கூற்று வகையைச் சார்ந்ததே. வேறுபாடு யாதெனின், அகப்பாட்டில் தலைவி கூற்றையும் தோழி கூற்றையும் ஒரே புலவர் பாடுதல் கூடும். இவ்விளையாட்டிலோ தலைவி கூற்றை ஒருவரும் தோழி கூற்றை மற்றொருவரும் எழுதுவர். தலைவி என்ன விடை சொல்வாள் என்பது தோழியை எழுதுபவருக்கு முன்கூட்டியே தெரியாது. இன்பமும் இடரும் இவ்விடத்திலேயே பிறக்கின்றன.

முறைவைத்து ஆடும் பிற ஆட்டங்களுக்குப் பலகை உண்டு. 1824ஆம் ஆண்டில் இலண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோ சதுரங்கக் கழகமும் அஞ்சல் வழி ஒரு போட்டியைத் தொடங்கின. அது 1828 வரை நீடித்து எடின்பரோவின் வெற்றியில் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் கடிதம் சென்று வந்தபோதும் குதிரை எத்தனை கட்டம் தாவும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பலகையும் விதியும் காவல் நின்றன. கற்பனை உலகில் எழுதுவார்க்கு அத்தகைய காவல் இல்லை. ஒரே வரியில் மலையை எழுப்பலாம். அடுத்த வரியில் அரசனைக் கொல்லலாம். ஆகலின் எல்லையை எழுதுவோரே தமக்குள் வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்கத் தவறினால் யாது நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது நல்ல சான்று.

ஹாவொர்த் இல்லத்து நால்வர்

வட இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் ஹாவொர்த் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் தேவாலயத்தின் குருவாக இருந்தவர் பேட்ரிக் பிரான்டே. அவருடைய மனைவியார் 1821இல் மறைந்தார். மூத்த பெண்கள் இருவர் 1825இல் இறந்தனர். எஞ்சியவர் நால்வர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன்.

1826ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தந்தையார் லீட்சு நகரிலிருந்து பன்னிரண்டு மரப் படைவீரர் அடங்கிய பெட்டி ஒன்றை மகன் பிரான்வெலுக்கு வாங்கி வந்தார். அப்போது சார்லட்டுக்கு வயது 10, பிரான்வெலுக்கு 9 நிறையவில்லை, எமிலிக்கு 7, ஆனுக்கு 6. நால்வரும் ஆளுக்கொரு பொம்மையை எடுத்துக்கொண்டனர். சார்லட் தம் பொம்மைக்கு வெலிங்டன் பிரபு என்று பெயரிட்டார். உடனே பிரான்வெல் தம்முடையதற்கு நெப்போலியன் போனபார்ட் என்று பெயர் வைத்தார். வாட்டர்லூப் போர் முடிந்து பதினோராண்டே ஆகியிருந்த காலம் அது. ஒருவர் வெலிங்டனை எடுத்ததும் மற்றவர் அவருடைய பகைவனை எடுத்தது தற்செயலன்று. எதிரிலிருப்பவரின் பாத்திரத்தைக் கண்டு, அதற்கு ஈடாகவும் எதிராகவும் தம் பாத்திரத்தை அமைத்தலே நல்ல ஆட்டத்தின் தொடக்கமாகும்.

வாயால் ஆடிய ஆட்டம் விரைவில் ஏட்டில் ஏறியது. ஆப்பிரிக்கக் கடற்கரையில் கண்ணாடி நகர் என்னும் கற்பனை நகரத்தை நால்வரும் நிறுவினர். 1829 ஜனவரியில் பிரான்வெல் அந்நகருக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே சார்லட் அதனை ஏற்று நடத்தினார். பொம்மை வீரர்கள் படிக்கும் அளவினதாக இருத்தல் வேண்டுமென்று, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறு ஏடுகளைத் தைத்து, அச்செழுத்தைப் போன்ற நுண்ணிய எழுத்தால் அவற்றை நிரப்பினர். அவ்வேடுகளில் எழுதியோர் சார்லட்டும் பிரான்வெலும் அல்லர். அந்நகரின் தலைவர்களும் புலவர்களுமே எழுதினர். பிரான்வெல் ஒரு கவிஞனாகிப் பாடல் புனைவார். சார்லட் வேறொருவராகி அக்கவிஞனை எள்ளி நகையாடுவார். உடன்பிறந்தார் பூசல் பாத்திரங்களின் பூசலாக மாறி இலக்கியப் பயிற்சியாயிற்று.

நால்வரும் தமக்கென மற்றோர் ஏற்பாட்டையும் செய்துகொண்டனர். தாம் நால்வரும் அவ்வுலகைக் காக்கும் நான்கு பூதங்கள் என்றும், போரில் மாண்ட வீரர்க்கு உயிர்தரும் ஆற்றல் அப்பூதங்களுக்கு உண்டு என்றும் வகுத்தனர். ஒருவர் ஆத்திரத்தில் கொன்ற வீரன் மறுநாள் ஆட்டத்திற்கு வேண்டியவனாக இருப்பான் அல்லவா? பிள்ளைகள் கண்ட வழி அதுவாகும்.

பிளவும் இழப்பும்

1831 ஜனவரியில் சார்லட் படிப்பதற்காக ரோ ஹெட் என்னும் பள்ளிக்குச் சென்றார். அவர் இல்லாத வேளையில் இளையவர் இருவரும் பிரிந்து கோன்டால் என்னும் புதிய தீவு நாட்டைப் படைத்தனர். பசிபிக் மாகடலின் வடபகுதியில் இருப்பதாக எண்ணப்பட்ட நாடு அது. மூத்தவர்களின் ஆட்டத்தில் வெலிங்டனும் போனபார்ட்டும் ஓங்கி நின்றனர்; இளையவர்களின் வீரர்களுக்குக் கிட்டிய இடம் சிறிது. பெரியவர் இருவர் முழு மேடையையும் எடுத்துக்கொண்டால் மற்றவர் வேறு மேடை தேடுவது இயல்பே.

1834இல் சார்லட்டும் பிரான்வெலும் அங்கிரியா என்ற அரசை உருவாக்கினர். அதன் மன்னன் சமோர்னா சார்லட்டின் படைப்பு. அவனுக்கு மாமனும் பகைவனுமாகிய நார்த்தாங்கர்லாந்து பிரபு பிரான்வெலின் படைப்பு. பகைவனின் மகள் மேரியே மன்னனின் மனைவி. இருவர் எழுதும் கதைக்கு இதனினும் ஏற்ற அமைப்பு அரிது. கணவனுக்கும் தந்தைக்கும் இடையே நின்ற அவ்வரசி, இரு எழுத்தாளர்க்கும் இடையே நின்றாள்.

1835இல் சார்லட் அதே பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். நாள் முழுதும் பாடம் நடத்தி, ஓய்ந்த வேளையில் அங்கிரியாவை எண்ணுவார். பிரான்வெலோ இல்லத்திலிருந்தபடி போரும் புரட்சியுமாகக் கதையை விரைந்து செலுத்தினார். 1836இல் அவர் மேரி அரசியைச் சாகவிட்டார். தொலைவிலிருந்த சார்லட் அரசி உண்மையில் இறந்தாளா, அடக்கம் செய்யப்பட்டாளா என்று தம் குறிப்பேட்டில் கலங்கி எழுதியிருக்கிறார். பின்னர் அவர் தாம் எழுதிய பகுதியில் அரசியை உயிருடன் காட்டினார். இருபது வயது ஆசிரியை ஒருவர் கற்பனை மாந்தர் ஒருத்திக்காக வருந்தியது பேதைமை என்று தள்ளுவார் உளர். அவர் வருந்தியது அச்சாவுக்காக மட்டும் அன்று. பத்தாண்டு கூடி வளர்த்த ஒன்றைப் பற்றித் தம்மைக் கேளாமலே ஒரு முடிவு செய்யப்பட்டதே என்பதும் அவ்வருத்தத்தில் கலந்திருத்தல் இயல்பு.

எமிலியும் ஆனும் இன்னும் நெடுங்காலம் ஆடினர். 1845 ஜூன் இறுதியில் இருவரும் யார்க் நகருக்குப் பயணம் சென்றபோது, வழியெல்லாம் கோன்டால் மாந்தராகவே தம்மைப் பாவித்துக்கொண்டனர். எமிலிக்கு அப்போது வயது 26. அடுத்த திங்களில் இருவரும் தனித்தனியே நினைவுக் குறிப்பு எழுதினர். கோன்டால் முன்போலவே செழித்து விளங்குகிறது என்று எமிலி மகிழ்ந்தார். ஆட்டம் முன்போல் இல்லை என்று ஆன் ஐயுற்றார். ஓர் உலகில் வாழ்ந்த இருவரில் ஒருவர் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்ததை மற்றவர் அறியவில்லை போலும்.

1847இல் சார்லட்டின் ஜேன் அயர், எமிலியின் வுதரிங் ஹைட்சு, ஆனின் ஆக்னெஸ் கிரே ஆகிய புதினங்கள் வெளிவந்தன. அவற்றை எழுதிய கைகள் இருபதாண்டுகளாக இவ்விளையாட்டில் பழகிய கைகள். கோன்டாலின் உரைநடைக் கதைகளோ ஒன்றும் எஞ்சவில்லை. பாடல்கள் மட்டுமே உள்ளன.

நடுவரும் பகடையும்

பிரான்டே பிள்ளைகளுக்கு வாய்க்காத ஒன்று பின்னாளில் இவ்விளையாட்டில் சேர்ந்தது. அது நடுநிலைத் தீர்ப்பு. அமெரிக்காவில் ஆலன் கால்ஹாமர் அமைத்த டிப்ளமசி என்னும் ஆட்டம் 1959இல் வெளிவந்தது. முதல் உலகப் போருக்கு முற்பட்ட ஐரோப்பிய வல்லரசுகளை ஏழுவர் ஏற்று ஆடுவது அது. 1963இல் ஜான் போர்டுமன் அதனை அஞ்சல் வழி நடத்தத் தொடங்கினார். ஆட்டக்காரர் தம் கட்டளைகளை நடுவருக்கு அனுப்புவர். அவர் விளைவை இதழில் வெளியிடுவார். கட்டளைகளோடு தம் நாட்டு மன்னரும் அமைச்சரும் விடுத்த அறிக்கைகள் என நகைச்சுவைக் கற்பனைகளையும் பலர் எழுதி அனுப்பினர்.

1974இல் கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் என்னும் இருவர் டஞ்சன்சு அண்டு டிராகன்சு என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ ஏற்பர். ஒருவர் நடத்துநராக இருந்து உலகை வருணிப்பார். வாள் வீச்சு பட்டதா, பூட்டுத் திறந்ததா என்ற ஐயத்திற்குப் பகடை விடை தரும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்சா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த கணினி ஆட்டம், பலர் ஒரே வேளையில் எழுத்தாலேயே ஓர் உலகில் உலவ வழி செய்தது.

பகடையை வெறும் சூது எனக் கருதுதல் பொருந்தாது. இருவர் விருப்பம் மோதும் இடத்தில் எவர் விருப்பமும் மற்றவர்மேல் ஏறாதவாறு காப்பதே அதன் வேலை. பகடை இன்றி ஆடுவோரும் உளர். அவர்க்கு நடுவர் சொல்லோ முன்செய்த உடன்பாடோ அப்பணியைச் செய்யும்.

தொடங்குவார்க்கு

முதலாவது, உலகின் விதியை அறிதல் வேண்டும். மந்திரம் எவர்க்கு உண்டு? அதற்கு விலை யாது? இறந்தவர் மீள்வரா? ஓரூரிலிருந்து மற்றோரூர் செல்ல எத்தனை நாள்? இவற்றை எழுதத் தொடங்கும் முன்னர்ப் பேசி முடித்தல் நன்று. விலையில்லா மந்திரம் கதையைக் கெடுக்கும். எல்லாம் இயலும் என்றால் எதிலும் இடரில்லை.

இரண்டாவது, பாத்திரம் சிறிதாகத் தொடங்கட்டும். புதியவர் பலரும் எவராலும் வெல்லவியலாத இளவரசனையே முதலில் படைப்பர். அவனோடு ஆடுவதற்கு மற்றவர்க்கு ஒன்றும் இராது. ஒரு தொழில், ஒரு வேட்கை, ஒரு குறை, பிறர் உதவி வேண்டும் ஒரு காரணம் ஆகிய நான்கும் போதும். இருளைக் கண்டு அஞ்சும் சுரங்க வழிகாட்டி, வெல்லவொண்ணாத வீரனைவிட நெடுநாள் வாழ்வான்.

மூன்றாவது, தன் பாத்திரத்தை மட்டுமே எழுதுதல். ஒருவர் மருத்துவச்சியாகவும் மற்றவர் மலைக்கோட்டைக் காவலனாகவும் எழுதுவதாகக் கொள்வோம். மருத்துவச்சியை எழுதுபவர், “அவள் அதட்டினாள், காவலன் நடுங்கிக் கதவைத் திறந்தான்” என்று எழுதினால் ஆட்டம் அவ்வரியோடு முடிந்தது. காவலனை எழுதுபவர்க்கு எஞ்சியது ஒன்றுமில்லை. “மருத்துவச்சி மூட்டையைத் தரையில் வைத்தாள். விடிவதற்குள் இம்மருந்து உள்ளே போகாவிட்டால் அக்குழந்தை பிழைக்காது என்றாள். அவள் கண் காவலன் இடுப்பிலிருந்த திறவுகோலில் நின்றது” என்று எழுதினால் மற்றவர்க்கு வழிகள் பல திறக்கின்றன. காவலன் இரங்கலாம், கையூட்டுக் கேட்கலாம், அது தன் குழந்தையே என்று திடுக்கிடலாம். தாக்குதலை எழுதலாம், அடி பட்டதா என்பதை அடிபடுபவரே எழுத வேண்டும். அவரும் ஒவ்வோர் அடியிலிருந்தும் தப்பிக்கொண்டே இருத்தல் முறையன்று. தோல்வியை ஏற்கத் தெரியாதவரோடு ஆடுவார் இலர்.

நான்காவது, எழுதுபவர் அறிந்தது வேறு, பாத்திரம் அறிந்தது வேறு. காவலன் ஓர் ஒற்றன் என்பது மருத்துவச்சியை எழுதுபவர்க்குத் தெரிந்திருக்கலாம். மருத்துவச்சிக்குத் தெரியாது, தெரிந்தவள்போல் நடத்தலும் ஆகாது. நாடகம் காண்பவர் அறிந்ததை மேடைமேல் நிற்பவர் அறியாமையிலே சுவை பிறப்பதுபோல் இங்கும் பிறக்கும்.

ஐந்தாவது, ஒவ்வொரு பகுதியும் மற்றவர் பற்றிக்கொள்ளக் கூடிய ஒன்றோடு முடிதல் வேண்டும். ஒரு வினா, ஒரு நீட்டிய கை, வெளியே ஒரு காலடி ஓசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பக்கம் பக்கமாகத் தன் பாத்திரத்தின் துயரையே வருணித்து முடிப்பவருக்கு மறுமொழி எழுதுதல் கடினம்.

ஆறாவது, முறை தவறாமை. எழுத இயலாத நாட்களை முன்னரே அறிவித்தல் வேண்டும். அவ்விடைக்காலத்தில் தம் பாத்திரத்தை என் செய்யலாம் என்பதையும் சொல்லி வைத்தல் நன்று. சார்லட்டுக்கு நேர்ந்த துயர் எவர்க்கும் நேர வேண்டியதில்லை. ஆர்வம் குன்றியவரும் அதனை மறைக்காமல் சொல்லிவிடல் நேர்மை. கதையை முடித்து விடைபெறுதல் பாதியில் மறைவதனினும் மேல்.

ஏழாவது, பாத்திரத்தின் சினம் எழுதுபவரின் சினம் அன்று. மனம் புண்படும்படி ஏதேனும் எழுதப்பட்டால், கதைக்குள் பழிவாங்காமல் கதைக்கு வெளியே பேசித் தீர்த்தல் வேண்டும். கணினி வழி முன்பின் அறியாதாரோடு எழுதும் இளையோர் உண்மைப் பெயர், முகவரி, பள்ளி முதலியவற்றை வெளியிடாதிருத்தலும், பெற்றோர் அறிய எழுதுதலும் இன்றியமையாதன.

வகுப்பறையில்

இவ்விளையாட்டுக்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் இரு மாணாக்கரும் போதும். கட்டுரைப் பாடத்தில் மாணவர் எழுதுவது பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர் திருத்துவதற்கே. எழுதியது விளங்கவில்லையென்றால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. முறைவைத்து எழுதும்போதோ, விளங்காத வரியை மறுநாள் தோழன் தொடர முடியாமல் நிற்பான். “அவன்” என்றது எவனை, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கேட்பான். தெளிவு ஏன் வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே மாணவர் உணர்வர். பேச்சு நடைக்கும் கூற்று நடைக்கும் உள்ள வேறுபாடு, அரசன் மொழிக்கும் ஆயன் மொழிக்கும் உள்ள வேறுபாடு, காலம் காட்டும் வினைமுற்றுகளின் ஒழுங்கு ஆகியவையும் பயிற்சியில் தாமே தெளிவுறும்.

திருத்தும் ஆசிரியர் ஒன்றைக் கருதுதல் நலம். ஒரு பகுதியின் சிறப்பை அதன் அணிகளால் மட்டும் அளத்தல் போதாது. அதற்கு அடுத்து எழுதப்பட்ட பகுதியையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அது முன்னதனினும் சிறந்திருந்தால், முன்னதை எழுதியவர்க்கும் அதில் பங்குண்டு. அவர் விட்ட இடத்திலன்றோ மற்றவர் எழுதினார்!